டிசம்பரில் ஹிமாச்சல் மரக்குடிலுக்குப் போக நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் 4 ஏக்கர் தேயிலை இருக்கிறது. சீசன் மாதங்களில் செலவு போக 35,000 ரூபாய் வரை நிற்கும், குளிர் மாதங்களில் 10,000கூடத் தேறாது. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, சம்பளம் 18,000. பையன் 8-ஆம் வகுப்பு, பெண் 5-ஆம் வகுப்பு. இந்த அரையாண்டு விடுமுறையில் ஹிமாச்சல் போய், விறகு அடுப்பு வைத்த மரக்குடிலில் 4 ராத்திரி தங்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. மொத்தம் 70,000 ஆகும் என்று கணக்குப் போட்டேன். ஒரு செயினை வைத்து 1 லட்சம் வாங்கி, இலைக் காசில் 4 மாதத்தில் மீட்டுவிடலாமா? இல்லை, ஆஸ்பத்திரி அவசரத்துக்கு என்று போட்ட 1 லட்சம் எஃப்டியை உடைக்கலாமா?

பதில்: ரெண்டும் வேண்டாம். ஆனால் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பையன் அடுத்த டிசம்பரில் 9-ஆம் வகுப்பில்தான் இருப்பான், பத்தாம் வகுப்பு நெருக்கடி வருவதற்கு முன்னால் உங்களுக்கு இன்னும் ஒரு குளிர்காலம் முழுசாக இருக்கிறது. அதில் போங்கள், கடன் இல்லாமல் போங்கள்.

நகைக்கடனில் வட்டி பெரிய விஷயம் இல்லை. ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்தால் 1 லட்சத்துக்கு மாதம் 830 ரூபாய் சொச்சம்தான். சிக்கல் காலத்தில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் செலவு செய்துவிட்டு ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் திருப்பப் பார்க்கிறீர்கள், அந்த மூன்று மாதமும்தான் நம் மலையில் உறைபனியாலும் வறட்சியாலும் கொழுந்து கருகி, இலை வரத்து அடிமட்டத்துக்குப் போகும் மாதங்கள் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அப்புறம் மழை வந்ததும் உரம் போட வேண்டும், ஆள் கூலி கொடுக்க வேண்டும், ஏப்ரல், மே காசு அதற்கே போய்விடும். 4 மாதம் என்று நினைத்து வைத்த நகை அடுத்த தீபாவளி வரை வங்கியிலேயே கிடக்கும். வட்டி குறைவு என்று விவசாய நகைக்கடனாக எடுக்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், அது தோட்டத்துக்கான கடன், உரம் வாங்க நிஜமாகவே பணம் தேவைப்படும் நாளில் கையில் வைக்க நகை இருக்காது.

எஃப்டியை முன்கூட்டியே உடைத்தால் பல வங்கிகள் அரை முதல் ஒரு சதவீதம் வட்டியைக் குறைக்கும், அந்த நஷ்டம் சின்னதுதான். ஆனால் இலை வருமானம் ஏறி இறங்கும் ஒரு வீட்டில் மருத்துவ அவசரத்துக்கு இருப்பதே அந்த ஒரு லட்சம்தான் என்றால் அதைத் தொடவே கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

சரி, உங்கள் 70,000 கணக்குக்கு வருவோம். குடில் வாடகையையும் ரயில் டிக்கெட்டையும் மட்டும் பார்த்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். குளிர் பிரதேசப் பயணத்தில் பணத்தை உறிஞ்சுவது குளிரும் தாமதமும்தான். நாம் மலைக்காரர்கள், குளிர் நமக்குப் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். ஹிமாச்சலில் உங்களுக்காக நான் மனதில் வைத்திருக்கும் ஜீபி பள்ளத்தாக்கு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர், ஏறக்குறைய கோத்தகிரி உயரம். மணாலிகூட 2,050 மீட்டர்தான், ஊட்டியைவிடத் தாழ்வு. ஆனால் ஊட்டியில் விடியற்காலை பூஜ்ஜியத்துக்குப் போனாலும் வெயில் ஏறினால் ஸ்வெட்டரைக் கழற்றிவிடுவோம், அங்கே நாம் இருப்பது பூமத்தியரேகைக்கு வெகு வடக்கே, டிசம்பர் வெயிலுக்கு அந்தச் சூடு கிடையாது, பனிமூட்டமான நாளில் மதியம்கூட நடுங்கும், ராத்திரி குழாயில் தண்ணீர் உறைந்து நிற்கும். வீட்டிலிருக்கும் கம்பளி ஸ்வெட்டர் போதாது, உள்ளே தெர்மல், வெளியே நனையாத ஜாக்கெட், வழுக்காத பூட்ஸ் வேண்டும், நாலு பேருக்கு.

நான் போடும் கணக்கு இது. கோவையிலிருந்து டெல்லிக்கு மூன்றாம் ஏசியில் ஆளுக்கு 3,000 என்று வைத்தால் போக வர 24,000. டெல்லியிலிருந்து மணாலி பஸ்ஸில் ஏறி வழியில் ஆட் என்ற இடத்தில் இறங்க, திரும்பி வர 12,000. ஆட்டிலிருந்து பஞ்சார் வழியாக ஜீபிக்கும், உள்ளூரில் சுற்றவும் டாக்ஸிக்கு 12,000. குடில் 20,000, ஏனென்றால் கிறிஸ்துமஸ் புத்தாண்டு வாரத்தில் வாடகை எகிறும். விறகுக்கும் ஹீட்டருக்கும் தனியாகக் காசு கேட்பார்கள், புக் பண்ணும்போதே கேட்டு எழுதி வாங்குங்கள், 2,000 வைக்கலாம். சாப்பாடு 16,000. உடுப்புக்கு 18,000. கடைசியாக, பனியில் ரோடு அடைபட்டாலோ டெல்லி மூடுபனியில் ரயில் தவறினாலோ இரண்டு நாள் கூடுதலாகத் தங்கவும் புது டிக்கெட் எடுக்கவும் 25,000. மொத்தம் 1,29,000. அந்தக் கடைசி 25,000-ஐத்தான் எல்லோரும் முதலில் வெட்டுவார்கள். குளிரில் குழந்தைகளோடு மாட்டிக்கொண்டால் கைகொடுப்பது அது ஒன்றுதான், அதனால் வேறு எதை வேண்டுமானாலும் குறையுங்கள்.

ஜீபிக்கு மேலே ஜலோரி கணவாய் தாண்டும் திட்டம், மணாலிக்கு அப்பால் அடல் சுரங்கம் தாண்டி சிஸ்ஸு என்ற ஊருக்குப் போகும் திட்டமெல்லாம் இந்த முறை வேண்டாம். பனி பெய்தால் அந்த வழிகள் மூடப்படும், கட்டிய முன்பணம் போகும்.

சேமிப்புக்கு வருகிறேன். ஜனவரியிலிருந்து உங்கள் மனைவி சம்பளத்தில் மாதம் 4,000 வங்கி ஆர்டியில் (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பில்) போகட்டும், ஒரு வருடத்துக்கு 48,000. அஞ்சலக ஆர்டி 5 வருடத் திட்டம், 3 வருடம் முடியாமல் மூடவும் முடியாது, அதனால் இதற்கு ஒத்துவராது. இலைக் காசை ஆர்டியில் கட்டாயப்படுத்தாதீர்கள். ஏப்ரல் முதல் ஜூன், பிறகு செப்டம்பர் முதல் நவம்பர், இந்த 6 மாதம் மட்டும் பட்டுவாடா வந்த அன்றே 15,000 எடுத்துத் தனி சேமிப்புக் கணக்கில் போடுங்கள், 90,000 ஆகிவிடும். இரண்டும் சேர்ந்து 1,38,000, வட்டி தனி.

குடிலுக்கு முன்பணத்தை முழுசாக யுபிஐயில் அனுப்பாதீர்கள். அழகான படம் போட்டு ஏமாற்றுகிறவர்கள் நிறைய. பாதிக்கு மேல் கேட்டால் விட்டுவிடுங்கள், ரத்து விதிகளைக் கேளுங்கள், பணம் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள். அடுப்புக்குப் புகைபோக்கி இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். மூடிய அறைக்குள் கரிச்சட்டி வைத்துத் தூங்கினால் கார்பன் மோனாக்ஸைடு உயிரையே எடுத்துவிடும், வாசனைகூட வராது. எவ்வளவு குளிரினாலும் அது மட்டும் கூடாது.

ரயில் முன்பதிவு 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கும், அதாவது அக்டோபர் கடைசியில். அதற்குள் முடிவெடுக்க ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்: செப்டம்பர் 30 அன்று இரண்டு கணக்கிலும் சேர்ந்து 90,000 இருந்தால் டிக்கெட் போடுங்கள். இலை விலை விழுந்து அவ்வளவு சேரவில்லை என்றால் பயணத்தை ஏப்ரலுக்குத் தள்ளுங்கள், மீதியை அதற்குள் சேர்த்துவிடலாம். பனி குறைவாக இருக்கும், குடில் வாடகையும் புத்தாண்டு வாரத்து அளவுக்கு இருக்காது, பையனும் பத்தாம் வகுப்புப் பாடம் தொடங்குமுன் போய் வந்துவிடுவான்.