சம்பளம் குறையாமல் அப்படியே இருந்தால் தொழிலாளிக்கு என்ன நஷ்டம்?

"குறைக்கவில்லையே, அப்புறம் என்ன?" என்று முதலாளிகள் கேட்பது வழக்கம்தான். ஆனால் விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுகிறது, சம்பளம் அசையவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், 12 வருடத்தில் அதே சம்பளத்துக்குப் பாதிப் பொருள்தான் கிடைக்கும். யாரும் கை வைக்காமலே பாதிச் சம்பளம் போய்விட்டது! கையில் வரும் எண் மாறாததால் இது சட்டென்று உறைப்பதில்லை. பொருளாதார அறிஞர் இர்விங் ஃபிஷர் 1920-களிலேயே இதைப் 'பண மாயை' என்று விளக்கினார்.

வீட்டில் முதலில் அடிபடுவது சேமிப்பு. அப்புறம் பல் வலி, முதுகு வலியெல்லாம் 'அடுத்த மாதம் பார்க்கலாம்' ஆகிவிடும், ஓவர்டைம் பழக்கமாகும், அதுவும் போதாமல் கடன் வாங்கினால் வட்டி வேறு அதே சம்பளத்திலிருந்துதான் போக வேண்டும். வாடகைக்கு இருப்பவர் பாடு இன்னும் மோசம்.

திறமை இருந்தால் சம்பளம் தானாக ஏறும் என்பதை நான் நம்புவதில்லை. ஒரே வேலையை நன்றாகச் செய்யும் இருவரில், வேறு இடத்துக்குப் போக வழி உள்ளவருக்குத்தான் உயர்வு கிடைக்கிறது. சங்கம் பலமில்லாத இடத்தில், ஒப்பந்த வேலையில், பேரம் பேச என்ன இருக்கிறது? சரி, 3 சதவீதம் ஏற்றிக் கொடுத்தார்கள் என்றே வைப்போம், விலைவாசி 6 என்றால் அதுவும் குறைப்புதான்.