காரா, ஓட்டுபவரா?

கேள்வி: அமெரிக்காவின் ஆட்டோகிராஸ் பந்தயங்களில் வெற்றியைத் தீர்மானிப்பது காரா, ஓட்டுபவரின் திறமையா?

பதில்: தொடக்க நிலையில் ஐயமின்றி ஓட்டுபவரே. அகன்ற வாகன நிறுத்துமிடங்களில் கூம்புகளை வைத்து அமைக்கும் தடத்தில் நேரத்தை எதிர்த்து ஓடும் இப்பந்தயத்தில், ஒரே காரை இருவர் பகிர்ந்து ஓட்டுவதும் வழக்கம் என்பதால், டயரும் எஞ்சினும் மாறாமலே நேரம் மட்டும் நொடிக்கணக்கில் வேறுபடுவதைக் கண்ணெதிரே காணலாம். ஒரு கூம்பைத் தட்டினாலே 2 நொடி கூட்டப்படும். எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும் அதை ஈடுகட்டுவது கடினம். அடுத்த வளைவை நோக்காமல் அருகிலுள்ள கூம்பையே பார்ப்பவர், எந்தக் காரிலும் தாமதமாகத்தான் திரும்புவார். தேசிய அளவில், நொடியின் சிறு பின்னத்தில் முடிவு மாறும்போது, போட்டியிடும் பிரிவுக்கு (கார்களை வகைப்படுத்திய குழுவுக்கு) ஏற்ற காரும் இன்றியமையாததாகிறது. அதுவரை மாஸ்டா மியாட்டா போன்ற எளிய காரே போதும். பணத்தை நல்ல டயருக்கும் பயிற்சிக்கும் செலவிடுங்கள்.