ஜியோதெர்மல் ஹீட் பம்ப்: மெஷினைச் சுற்றியிருக்கும் தகரமும் குழாயும்

கனடாவின் ஒன்ராறியோவில் ஜியோதெர்மல் பூட்டும் வேலையில் 17 வருடமாக இருக்கிறேன். குளிர்காலத்தில் மண்ணின் சூட்டை வீட்டுக்குள் எடுத்து, கோடையில் வீட்டுச் சூட்டை மண்ணுக்குள் தள்ளுகிற மெஷின் இது. இதைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். எந்தக் கம்பனி மெஷின் நல்லது என்று கேட்க வேண்டாம் என முதலே சொல்லியிருந்தேன். கோளாறு என்று கூப்பிடும் வீடுகளில் மெஷினில் பிழை இருப்பது அபூர்வம். காற்று போகிற டக்ட், தண்ணீர் வடிகிற குழாய், மண்ணுக்குள் ஓடுகிற குழாய் (லூப்), இந்த மூன்றில் ஒன்றில்தான் வில்லங்கம் இருக்கும். வந்த கேள்விகளில் அவற்றைப் பற்றியவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன்.

கேள்வி (அஜாக்ஸ்): அண்ணை, எங்கள் வீடு 1978-இல் கட்டியது. வீட்டைச் சூடாக்கும் காஸ் ஃபர்னேஸைக் கழற்றிவிட்டு 3 டன் திறனுள்ள ஜியோதெர்மல் போடப் போகிறோம். இருக்கிற டக்ட்டே போதும், கை வைக்கத் தேவையில்லை என்கிறார் கொன்ட்ராக்டர். நம்பலாமா?

பதில்: அளந்துவிட்டுச் சொன்னாரா, அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னாரா? அதை முதலில் கேளுங்கள்.

மணிக்கு 60,000 பி.டி.யு. வெப்பம் தருகிற ஃபர்னேஸ் காற்றை 60 ஃபாரன்ஹீட் பாகை சூடாக்கி அனுப்புகிறது என்று வையுங்கள். அதற்கு நிமிடத்துக்குச் சுமார் 930 கன அடி காற்று போதும். ஹீட் பம்ப் அவ்வளவு சூடாக்காது; அதனால் கூடுதல் காற்றைத் தள்ள வேண்டும். டன்னுக்கு 400 கன அடி என்பது வழக்கமான கணக்கு, 3 டன்னுக்கு 1,200. அதே டக்ட்டுக்குள் 930-க்குப் பதில் 1,200 போனால் எதிர்ப்பு அதே விகிதத்தில் ஏறாது, வர்க்கமாக ஏறும். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 1.7 மடங்கு. ஃபேன் திணறும், சத்தம் போடும், கரண்ட் தின்னும், கடைசி அறைக்குக் காற்றே போகாது.

இதே டக்ட்டில் ஏற்கெனவே 3 டன் ஏசி ஒழுங்காக ஓடியிருந்தால் பயம் குறைவு. இல்லையென்றால் டக்ட்டின் மொத்த எதிர்ப்பை அளக்கச் சொல்லுங்கள். அரை அங்குல நீர் அழுத்தத்துக்குள் நின்றால் நல்லது. அந்தக் காலத்து வீடுகளில் குறை பெரும்பாலும் காற்று திரும்பி வருகிற ரிட்டர்ன் பக்கத்தில்தான். அறைகளுக்குக் காற்று போகிற சப்ளை முழுவதையும் உடைக்கத் தேவைப்படாது; ரிட்டர்ன் பெட்டியைப் பெரிதாக்கி, இரண்டு கிரில் கூட்டினாலே பாதி வீடுகள் சரியாகிவிடும்.

திறந்ததுதான் திறந்தீர்கள், இணைப்புகளுக்கு மாஸ்டிக் பசை பூசச் சொல்லுங்கள். டக்ட் டேப் என்று பெயர் வைத்து விற்கிற சாம்பல் நிறத் துணி டேப் வேண்டாம். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் 1998-இல் பல வகை டேப்புகளைச் சூட்டிலும் குளிரிலும் மாற்றி மாற்றி வைத்துச் சோதித்தது. பிய்த்துக்கொண்டு போனது இதுதான்.

கேள்வி (மில்டன்): புதிதாகப் போட்டோம். காற்று வாய்க்கு முன்னால் கையை வைத்தால் சூடே தெரியவில்லை. மெஷினுக்குள் இருக்கிற காஸ் தீர்ந்துவிட்டதா?

பதில்: இல்லை. உள்ளே 70 பாகையில் இழுத்த காற்று 98 பாகையாக வெளியே வரும். உங்கள் உடம்புச் சூடும் கிட்டத்தட்ட அதுதான், எப்படித் தெரியும்? தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள், கையைப் பார்க்காதீர்கள். இன்னொன்று, இரவில் 5 பாகை குறைத்து காலையில் ஏற்றுகிற பழக்கத்தை விடுங்கள். காலையில் அவசரத்துக்கு மின்சார ஹீட்டர் மூண்டுவிடும், மிச்சம் பிடித்தது அதில் போய்விடும்.

கேள்வி (ஸ்காபரோ): கோடையில் மெஷினுக்குக் கீழே தண்ணீர். வந்து பார்த்தவர் வடிகுழாயை ஊதிவிட்டுப் போனார். இரண்டு நாளில் மறுபடியும். ஃபேன் நிற்கும்போதுதான் கொட்டுகிறது.

பதில்: கடைசி வரியிலேயே நோயைச் சொல்லிவிட்டீர்கள். பிரச்சினை குழாயில் அடைப்பு அல்ல; ட்ராப் (தண்ணீர் தேங்கி நின்று காற்றை மறிக்கிற வளைவு) போடவில்லை, அல்லது அதன் ஆழம் போதாது.

இதை நான் சொந்தச் செலவில் படித்தேன். தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம், ஒரு வீட்டில் வடிகுழாயை நேராக இறக்கிவிட்டேன். சரிவு அழகாக இருக்கிறது, எதற்கு வளைவு என்ற நினைப்பு. ஜூலையில் வீட்டுக்காரம்மா கூப்பிட்டார். பேஸ்மென்ட் கார்ப்பெட் முழுக்க ஈரம். நடந்தது இதுதான். பெரும்பாலான மெஷின்களில் குளிர் கொயிலுக்குப் பிறகு ஃபேன் இருக்கும். அது ஓடும்போது கொயில் பக்கம் உறிஞ்சும். ட்ராப் இல்லாத வடிகுழாய் வழியாக வெளிக்காற்று உள்ளே ஏறும், அந்தக் காற்று தண்ணீரை இறங்க விடாது. கொயிலில் வியர்த்துச் சொட்டுகிற தண்ணீர் கீழே உள்ள தட்டில் ஏறிக்கொண்டே போகும். ஃபேன் நின்றதும் உறிஞ்சல் போய்விடும், தேங்கியது எல்லாம் ஒரே மூச்சில் வரும். கார்ப்பெட்டுக்குப் பணம் கொடுத்தது நான்தான்.

கணக்கு எளிது. உறிஞ்சல் அரை அங்குலம் என்றால், தட்டின் வாயிலிருந்து ஒன்றரை அங்குலம் கீழே ட்ராப்பின் வெளி விளிம்பு வர வேண்டும். அதற்குக் கீழே வளைவு இன்னும் முக்கால் அங்குலமாவது இறங்க வேண்டும். ட்ராப்புக்குப் பிறகு ஒரு திறந்த காற்றுக்குழாய். அங்கிருந்து அடிக்குக் கால் அங்குலம் சரிவு. முடிவில் தரை வடிகாலுக்கு மேல் இடைவெளி விட்டு நிறுத்துங்கள், சாக்கடைக் குழாயில் நேராகப் பொருத்த வேண்டாம். இதற்கெல்லாம் உயரம் வேண்டும், ஆனால் மெஷினைத் தரையோடு வைத்துவிட்டார்கள் என்றால் உயரத்துக்கு எங்கே போவது? அதனால்தான் மெஷினை மேடை கட்டி வைக்கச் சொல்கிறேன்.

குளிர்காலம் முழுக்க ட்ராப் காய்ந்து கிடக்கும். மே மாதம் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.

கேள்வி (பிராம்ப்டன்): எங்கள் வீட்டில் தலைகீழ். ஜனவரியில், மண்ணிலிருந்து சுவர் வழியாக உள்ளே வருகிற கறுப்புக் குழாய்களில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறது. கசிவா?

பதில்: வியர்வை. தை மாசியில் அந்தக் குழாய்க்குள் ஓடுவது 0 செல்சியஸுக்குப் பக்கத்தில் இருக்கும், சில வேளை கீழேயும் போகும். உறைதடுப்பு திரவம் கலப்பதே அதற்குத்தான். மூடிய துளை ரப்பர் நுரை உறையைச் சுவரிலிருந்து மெஷின் வரை, பம்ப், வளைவு, வால்வு எதையும் விடாமல் போட்டு மூட்டுகளைப் பசையால் ஒட்ட வேண்டும். ஓர் அங்குலம் விட்டாலும் அங்கே சொட்டும்.

கேள்வி (விற்பி): ஏப்ரலில் லூப் அழுத்தம் 40 பி.எஸ்.ஐ. இருந்தது. ஜூலையில் 25. மண்ணுக்குள் குழாய் வெடித்துவிட்டதோ என்று நித்திரையே இல்லை.

பதில்: நித்திரை கொள்ளுங்கள். கோடையில் வீட்டுச் சூட்டை மண்ணுக்குள் தள்ளுகிறீர்கள், குழாயும் சூடாகிறது. குழாய் செய்த எச்.டி.பி.ஈ. பிளாஸ்டிக், உள்ளே இருக்கும் நீரை விட அதிகமாக விரியும். பாத்திரம் பெரிதாகிவிட்டது, தண்ணீர் அதேதான், அதனால் அழுத்தம் இறங்குகிறது. குளிர்காலத்தில் மறுபடி ஏறும். கார்த்திகையிலும் இறங்கிக்கொண்டே போனால் அப்போது கூப்பிடுங்கள்.

கேள்வி (ஸ்ரூவ்வில்): வளவில் வேலி போட வந்தவர் லூப் குழாயை வெட்டிவிட்டார். பிளம்பர் பித்தளை இணைப்பு வைத்து இறுக்கிவிடலாம் என்கிறார். அரை மணி நேர வேலையாம்.

பதில்: வேண்டாம். மண்ணுக்குள் திருகும் கிளாம்ப்பும் கூடாது. பிளாஸ்டிக் சுருங்கும், விரியும், வருடங்கள் போகப் போகப் பிடி தளரும். சூடாக்கி உருக்கி ஒட்டுகிற ஃபியூஷன் இணைப்பு மட்டும்தான் அங்கே போகலாம். சரியாக ஒட்டினால் மூட்டு குழாயை விடப் பலமாக இருக்கும். அந்தக் கருவியும் பயிற்சியும் உள்ளவரைக் கூப்பிடுங்கள்.

ஒட்டி முடித்ததோடு வேலை தீராது. வெட்டிய இடத்தால் மண்ணும் காற்றும் போயிருக்கும். காற்றை வெளியேற்ற ஒவ்வொரு சுற்றிலும் வினாடிக்கு 2 அடி வேகத்திலாவது நீர் ஓட வேண்டும். ஓர் அங்குலக் குழாயில் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 5.7 அமெரிக்க கேலன். மூன்று சுற்று இணையாக இருந்தால் 17. உங்கள் மெஷினோடு இருக்கிற சின்னப் பம்ப் ஓட்டத்துக்குத் தருவது 9 அளவில்தான், ஆகவே அது காற்றைத் தள்ளவே தள்ளாது. வண்டியில் பெரிய பம்ப் கொண்டுவந்து கழுவ வேண்டும். கழுவியபின் உறைதடுப்பு எவ்வளவு மிச்சம் என்று சோதிக்கவும் மறக்க வேண்டாம். பாதி வெளியே போயிருக்கும்.

கேள்வி (மார்க்கம்): எங்கள் வளவு சின்னது, செங்குத்தாகத்தான் துளைக்க வேண்டும். அனுமதி வேண்டுமா?

பதில்: 5 மீற்றருக்கு மேல் ஆழம் போகிற செங்குத்து லூப் என்றால், 2012-இலிருந்து ஒன்ராறியோ சுற்றுச்சூழல் அமைச்சின் ஒப்புதல் உள்ள நிறுவனம்தான் செய்யலாம். துளைக்கும்போது நிலத்தடி எரிவாயு கிளம்பிய சம்பவத்துக்குப் பிறகு வந்த சட்டம். ஒப்புதல் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். வடிவமைப்புக்கு, கனடியத் தர அமைப்பான சி.எஸ்.ஏ.யின் சி448 என்ற தரம். குழாய் இறக்கியபின் துளையை அடியிலிருந்து மேலே பெண்டனைட் களிமண் கலவையால் நிரப்ப வேண்டும். மேலிருந்து மண்ணைக் கொட்டுகிறார்கள் என்றால் நிறுத்துங்கள்.

கேள்வி (மார்க்கம், அதே ஆள்): சென்னையில் அண்ணன் வீட்டுக்கும் இதைப் போடச் சொல்லலாமா?

பதில்: நான் சொல்ல மாட்டேன். ஆழத்து மண் ஊரின் வருட சராசரி வெப்பத்தை ஒட்டியே இருக்கும். இங்கே அது 10 செல்சியஸுக்குள்; சென்னையில் 28-க்கு மேல். போதாததற்கு இங்கே கோடையில் மண்ணுக்குள் போட்ட சூட்டைக் குளிர்காலத்தில் திருப்பி எடுக்கிறோம். அங்கே பன்னிரண்டு மாதமும் போடுவது மட்டும்தான், எடுக்க ஆளில்லை. அந்தக் காசுக்கு அண்ணனை நல்ல இன்வெர்ட்டர் ஏசியும் மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சும் போடச் சொல்லுங்கள். ஏசி வடிகுழாய்க்குச் சரிவு இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.