பேஸ்பாலில் பேரி பாண்ட்ஸ் ஒரே சீசனில் 73 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் போல, பந்தை வேலிக்கு வெளியே அடிப்பது) அடித்த பிறகும் பேப் ரூத்தையே பெரிய அடிகாரர் என்கிறார்களே, ஏன்?

வெறும் எண்ணைப் பார்த்தால் நீங்கள் கேட்பது நியாயம்தான். பாண்ட்ஸ் 2001-இல் 73 அடித்தார். ரூத்தின் உச்சம் 1927-இல் அடித்த 60. ஆனால் பேஸ்பால் பழங்கணக்கில், எந்த மைதானம், அந்த வருடம் மற்றவர்கள் எவ்வளவு அடித்தார்கள் என்று பார்க்காமல் நான் எந்த எண்ணையும் நம்புவதில்லை.

இந்தப் பழக்கம் வந்தது நெட் வில்லியம்சனால். சிகாகோ அணிக்காரர். 1883-இல் அவர் அடித்தது 49 டபுள் (இரண்டாம் பேஸ் வரை போகவைக்கும் அடி), 2 ஹோம் ரன். மறு வருடம் 27 ஹோம் ரன்! திடீரென்று பீம பலம் வந்துவிடவில்லை. சொந்த மைதானத்தின் வேலி 200 அடி தூரம்கூட இல்லை. அதைத் தாண்டிய பந்தை அதுவரை டபுள் என்று எண்ணியவர்கள், 1884-இல் ஹோம் ரன் என்று எண்ணினார்கள். அவ்வளவுதான். 27-இல் 25 அங்கேயே அடித்தவை. 1885-இல் அணி வேறு மைதானத்துக்குப் போனது; அவர் கணக்கு 3. இந்த 27-தான் 35 வருடம் சாதனையாக நின்றது என்பதை நினைத்தால் சிரிப்பு வரும்.

அதை 1919-இல் 29 அடித்து முறித்தவர் ரூத். அடுத்த வருடம் நியூயார்க் யாங்கீஸ் அணிக்குப் போய் 54. மேஜர் லீக் எனும் முதல்தர பேஸ்பாலின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் அவருக்கு அடுத்து வந்த ஜார்ஜ் சிஸ்லர் அடித்தது 19. அந்த லீகின் மற்ற ஏழு அணிகளில் ஒன்றுகூட, அணி முழுக்கச் சேர்ந்தும் 54-ஐ எட்டவில்லை. வில்லியம்சன் போல மைதானத்தின் தயவா என்றால், 25 வெளியூரில் அடித்தவை. அடிக்கக் கடினமாக்க பந்தில் எச்சில் தடவி வீசுவதை அந்த வருடம்தான் தடை செய்தார்கள், அது உதவியிருக்கும். ஆனால் எல்லோருக்கும் ஒரே பந்துதானே? பாண்ட்ஸ் 73 அடித்த வருடம் சாமி சோசா 64 அடித்தார். வித்தியாசம் அங்கேதான்.

ஆனால் ரூத் ஆடிய லீகில் கறுப்பின வீரர்களுக்கு இடமில்லை. அவர்கள் தனியாக ஆடிய நீக்ரோ லீக் கணக்குகளை மேஜர் லீக் 2024-இல் சேர்த்துக்கொண்டபோது, வாழ்நாள் ஸ்லக்கிங் சராசரியில் (அடிக்கும் வாய்ப்பு ஒன்றுக்கு எத்தனை பேஸ் என்ற கணக்கு) ரூத்தின் .690-ஐ நீக்ரோ லீக் வீரர் ஜோஷ் கிப்சனின் .718 தாண்டியது. அந்த நிறத்தடையை உடைத்த கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் 1947 ஏப்ரலில் மேஜர் லீகில் களமிறங்குவதற்கு மூன்று மாதம் முன்பு, 35 வயதில் கிப்சன் இறந்துபோனார். நீங்கள் கேட்டது ரூத்தா பாண்ட்ஸா என்று. ரூத்தா கிப்சனா என்று கேட்டிருந்தால் இவ்வளவு உறுதியாக எழுதியிருக்க மாட்டேன்.