பதினான்கு வருட அனுபவத்துக்கும் கோடிங் டெஸ்டா?

பதினான்கு வருடம் ஜாவா எழுதியவருக்கு, வேலைக்கு விண்ணப்பித்ததும், ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே கம்பெனி 90 நிமிட ஹேக்கர்ரேங்க் (ஆன்லைன் கோடிங் டெஸ்ட் தளம்) லிங்க்கை அனுப்பினால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனாலும் எழுதிவிடுங்கள் என்பேன். ரெஸ்யூமேயில் எல்லாரும்தான் மைக்ரோசர்வீஸ், காஃப்கா என்று டெக்னாலஜி பெயர்களை அடுக்குகிறார்கள். கம்பெனிகளும் எதை வைத்துத்தான் வடிகட்டுவது?

இதில் தேறாவிட்டால் அவமானமும் இல்லை. மேக் கணினிகளில் மென்பொருள் நிறுவ உதவும் ஹோம்ப்ரூவை உருவாக்கிய மேக்ஸ் ஹவல்கூட, பைனரி ட்ரீயை (தரவைக் கிளை கிளையாக அடுக்கும் அமைப்பு) வெள்ளைப் பலகையில் திருப்பிப் போட முடியாததால் கூகுள் தன்னை நிராகரித்ததாக 2015-ல் ட்வீட் போட்டார்.

ஆனால் லிங்க்கைத் திறக்கும் முன் எச்ஆரிடம் சம்பள வரம்பையும், அப்புறம் எத்தனை ரவுண்டு என்பதையும் கேட்டுவிடுங்கள். மழுப்பினால் விட்டுவிடலாம். லாகின், பேமென்ட், டாஷ்போர்டு என்று ஒரு முழு ஆப்பையே சனி ஞாயிறு முழுக்க வீட்டில் உட்கார்ந்து செய்யச் சொன்னால், அதற்குக் காசு தருவீர்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

தயாரிப்புக்கு டைனமிக் ப்ரோகிராமிங் போன்ற கடினமான அல்காரிதங்களில் விழுந்து கிடக்க வேண்டாம். ஹாஷ்மேப், டூ பாயின்டர், ஸ்லைடிங் விண்டோ, பிஎஃப்எஸ், டிஎஃப்எஸ் (ட்ரீ, கிராஃபில் தேடும் முறைகள்) போன்ற அடிப்படை உத்திகள் கைப்பழக்கமானால் பெரும்பாலும் சமாளிக்கலாம். முக்கியமாக, ஆட்டோகம்ப்ளீட்டை அணைத்துவிட்டு எழுதிப் பழகுங்கள். ஒரு கம்பேரேட்டர் (இரண்டில் எது முன்னால் என்று ஒப்பிடும் சின்னக் கோட்) எழுதக்கூட இன்டெல்லிஜே எடிட்டரை எவ்வளவு நம்பியிருக்கிறோம் என்பது அப்போதுதான் தெரியும். (கோட் எழுதித் தரும் ஏஐ கோபைலட் வந்தபிறகு கேட்கவே வேண்டாம்.)