வானம் தெளிந்திருந்தும் 160 மீட்டர் அலைவரிசையில் மின்னல் இரைச்சல் கேட்பது ஏன்?

மேகமே இல்லாத இரவிலும் 1.8 மெகாஹெர்ட்ஸ் பக்கம், அதாவது அமெச்சூர் வானொலியாளர்களின் 160 மீட்டர் அலைவரிசைக்குத் திருப்பினால் ‘சடசட’வென்று இரைகிறதே, வானொலிப் பெட்டியில் பழுதா என்று கேட்டிருக்கிறீர்கள். பழுதில்லை, நீங்கள் கேட்பது தொலைதூர மின்னலை. உலகெங்கும் நொடிக்குச் சுமார் 45 மின்னல்கள் வெட்டுகின்றன. அவை உமிழும் ரேடியோ ஆற்றல் 10 கிலோஹெர்ட்ஸ் அருகே உச்சமடைந்து, அதிர்வெண் கூடக்கூடக் குறைவதால், 28 மெகாஹெர்ட்ஸில் பொருட்படுத்தத் தேவையில்லாத அந்த இரைச்சல் 160 மீட்டரில் மெல்லிய சைகைகளை மூழ்கடித்துவிடுகிறது.

பகலில் அயனி மண்டலத்தின் (வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மின்னேற்றம் பெற்ற பகுதி) கீழடுக்கான டி அடுக்கு இந்த அலைகளை உறிஞ்சிக்கொள்கிறது. பொழுது சாய்ந்ததும் அவ்வடுக்கு கரைய, மேலடுக்குகளில் பட்டுத் திரும்பும் அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வருகின்றன. சென்னையில் கேட்பவருக்குச் சுமத்ராவின் இடிமழைகூட எட்டும். அருகிலுள்ள மின்னலுக்கு சைகையின் வலிமையைக் காட்டும் எஸ் மீட்டரின் முள் தனித்தனியாகத் துள்ளும். தொலைவிலுள்ளவையோ ஒன்றோடொன்று கலந்து, எண்ணெயில் அப்பளம் பொரிவது போன்ற தொடர் ஒலியாகக் கேட்கும்.

ஒலியைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்தே கூடும். வண்டி எஞ்சினின் குறுந்துடிப்புகளுக்கென அமைந்த இரைச்சல் தடுப்பான், நீண்டு ஒலிக்கும் மின்னல் வெடிப்புகளுக்கு அவ்வளவாக உதவாது. என் அனுபவத்தில், கையால் சுழற்றக்கூடிய சிறிய வளைய ஆண்டெனாவே சிறந்த வழி: இடிமழை ஒரே திசையில் இருந்தால், வளையத்தின் செவிட்டுத் திசையை (அலைகளை மிகக் குறைவாக ஏற்கும் பக்கத்தை) அதை நோக்கித் திருப்புங்கள்.