தொட்டுத் திருத்தலாமா? நாட்டிய வகுப்பு கேள்வி–பதில்

பரதநாட்டிய வகுப்புகள் இப்போது கோயில் மண்டபத்திலும் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடத்திலும் வீட்டு மாடியிலும் நடக்கின்றன. இவற்றை மேற்பார்வையிட நிர்வாகக் குழு எதுவும் கிடையாது. அதனால் ஆசிரியர்களும் பெற்றோரும் அனுப்பும் கேள்விகளில் பாதி 'எது முறை?' என்பதாகவே இருக்கிறது. இந்த இதழுக்கு ஐந்து கேள்விகளை எடுத்துக்கொண்டோம்.

அரைமண்டி (முழங்காலைப் பக்கவாட்டில் விரித்துப் பாதி உட்காரும் நிலை) சரியாக உட்காராத ஒரு பிள்ளையின் இடுப்பையும் முழங்காலையும் பிடித்துத் திருத்தினேன். அவளுடைய அம்மா ஆட்சேபித்தார். என் குரு எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். தொடாமல் அங்கசுத்தம் (உடல் நிலைகளின் ஒழுங்கு) எப்படி வரும்? – ஆசிரியை, தாம்பரம்

அந்த அம்மா கேட்டது நியாயம். பெரும்பாலான திருத்தங்களுக்குத் தொடவே தேவையில்லை. பிள்ளையைச் சுவரில் முதுகு படும்படி நிறுத்துங்கள். தலை, தோள், இடுப்பு மூன்றும் சுவரை ஒட்டியபடியே மெதுவாகக் கீழே இறங்கச் சொல்லுங்கள். இடுப்பு பின்னால் தள்ளுகிறதா, மார்பு முன்னால் சாய்கிறதா என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். முழங்கால் பாத விரல்கள் நோக்கும் திசையிலேயே விரிகிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து வாயால் சொல்லுங்கள். பிள்ளை தன் கையைத் தன் இடுப்பில் வைத்துத் தானே சரிபார்க்கட்டும்.

தோளையோ முழங்காலையோ அழுத்தி மண்டியைத் தாழ்த்துவதை அடியோடு விட்டுவிடுங்கள். கால் இடுப்பு மூட்டிலிருந்து திரும்ப வேண்டும். அங்கே திரும்பாத அளவைப் பாதத்தில் திருப்பினால், முறுக்கு முழுவதும் முழங்காலில் விழும். சில பிள்ளைகளுக்கு எலும்பின் அமைப்பே அவ்வளவுதான் திரும்பும். அழுத்தி அதை மாற்ற முடியாது.

தொட்டே ஆக வேண்டிய இடங்கள் சில உண்டு. கைகளைப் பக்கவாட்டில் நீட்டி நிற்கும் நாட்டியாரம்ப நிலையில் தொங்கும் முழங்கை, திரும்பிய மணிக்கட்டு, ஏறிய தோள். அப்போதும் "முழங்கையைத் தூக்கிக் காட்டட்டுமா கண்ணு?" என்று கேட்டு, பதில் வந்த பிறகு, விரித்த உள்ளங்கையால், எல்லோரும் பார்க்கும் இடத்தில் தொடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். இடுப்பு, வயிறு, மார்பு, தொடை இவற்றில் கை வைக்கவே கூடாது. தட்டுகழி என்ற மரக்கோல் தாளத்துக்கானது. அதன் நுனியால் காலைத் தட்டுவதும் தொடுவதுதான். தனி வகுப்பு என்றால் கதவு திறந்திருக்க வேண்டும், அல்லது பெற்றோர் ஒருவர் உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும். இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி, சேர்க்கையின்போதே பெற்றோரிடம் கொடுத்துவிட்டால் பிறகு மனக்கசப்பு வராது.

மகளுக்கு அரங்கேற்றம். உடை, நகை, ஒப்பனை எல்லாம் தான் சொல்லும் ஆட்களிடமே வாங்க வேண்டும் என்கிறார் ஆசிரியை. குருதட்சிணைக்கும் தொகை சொல்லிவிட்டார். கேள்வி கேட்டால் மகளை ஒதுக்கிவிடுவாரோ என்று பயம். – பெற்றோர், மதுரை

நல்ல தையல்காரரைப் பரிந்துரைப்பது ஆசிரியையின் உரிமை. கட்டாயப்படுத்துவது முறையல்ல. அதில் தனக்குத் தரகு வந்தால் அதை மறைப்பது அதைவிடத் தவறு.

குறைந்தது ஆறு மாதம் முன்பே செலவுப் பட்டியலை எழுத்தில் கேளுங்கள். நட்டுவாங்கம் (தாளம் போட்டு ஆட்டத்தை நடத்துவது), பாட்டு, மிருதங்கம், வயலின் அல்லது குழல் என ஒவ்வொருவருக்கும் மேடைக்கு எவ்வளவு, ஒத்திகைக்கு எவ்வளவு, எத்தனை ஒத்திகை என்று தனித்தனியாக இருக்க வேண்டும். செலவு கைமீறுவது பெரும்பாலும் ஒத்திகையில்தான். நான்கு என்று தொடங்கி எட்டில் முடியும். அரங்க வாடகை, ஒலி–ஒளி, உடை, ஒப்பனை, படப்பிடிப்பு, அழைப்பிதழ், விருந்து இவையெல்லாம் அடுத்து. கலைஞர்களுக்கான பணத்தை நீங்களே நேரடியாகக் கொடுக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். தயங்காமல் சம்மதிக்கும் ஆசிரியையை நம்பலாம்.

குருதட்சிணை என்பது வெற்றிலை பாக்கு, பழத்தோடு தட்டில் வைத்து, கொடுப்பவர் மனம்போல் கொடுப்பது. தொகையை வாங்குபவர் சொன்னால் அது கட்டணம். கட்டணத்துக்கு ரசீது தர வேண்டும்.

வசதி இல்லை என்பதற்காகத் தகுதியான பிள்ளையின் அரங்கேற்றத்தைத் தள்ளிப்போடுவதை எங்களால் ஏற்க முடியாது. மூன்று நான்கு பேர் சேர்ந்து செய்யலாம், கோயில் சன்னிதியில் செய்யலாம், நகையை இரவல் வாங்கலாம். பணம் இருக்கிறது என்பதற்காகத் தயாராகாத பிள்ளையை மேடை ஏற்றுவதும் அதே அளவு தவறு. நிகழ்ச்சியின் நீண்ட உருப்படியான வர்ணத்தை முழுவதும் அரைமண்டி குலையாமல் ஆடி முடிக்கிறாளா, தான் ஆடும் ஜதிகளை (தாளச் சொற்கோவைகளை) தாளம் போட்டு வாயால் சொல்கிறாளா என்று பாருங்கள். எத்தனை வருடம் படித்தாள் என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

வகுப்பில் ஒரு சிறுமி, வீட்டில் ஒருவர் தன்னிடம் தவறாக நடப்பதாகச் சொன்னாள். 'யாரிடமும் சொல்லாதீங்க மிஸ்' என்று அழுதாள். என்ன செய்வது? – ஆசிரியை, ஊர் வேண்டாம்

சொல்லாமல் இருப்பதாக அவளுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். "நீ சொன்னது நல்லது, உன்மேல் தப்பே இல்லை, உனக்கு உதவி செய்யக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன்" என்று சொல்லுங்கள். துருவித் துருவிக் கேட்க வேண்டாம். அவள் சொன்ன வார்த்தைகளை அவள் சொன்னபடியே, தேதி, நேரத்தோடு அன்றே எழுதி வையுங்கள். குற்றம் சாட்டப்பட்டவரிடமோ உறவினர்களிடமோ போய் விசாரிக்காதீர்கள். அவளுக்கு ஆபத்து கூடிவிடும்.

உடனே 1098 குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள், காவல் நிலையத்திலும் தெரிவியுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, 18 வயது நிறையாதவருக்கு இப்படி நடந்தது தெரிந்தவர் யாராக இருந்தாலும் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை உண்டு. தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு தகவல் தருபவருக்குச் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது. சிறுமியின் பெயர் மற்றப் பெற்றோருக்கோ வாட்ஸ்அப் குழுவுக்கோ போகக் கூடாது.

டைல்ஸ் தரையில் முப்பது பிள்ளைகள். பலருக்குக் கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பில் வலி. மெத்தை விரிப்பு போடலாமா? – ஆசிரியர், ஈரோடு

மெத்தை வேண்டாம். காலைத் தட்டி ஆடும்போது பாதம் புதைந்து கணுக்கால் பிசகும். டைல்ஸுக்கு அடியில் கான்கிரீட் இருப்பதால் தட்டின் அதிர்ச்சி முழுவதும் காலுக்கே திரும்புகிறது. கொஞ்சம் இடம் கொடுக்கும் மரப்பலகைத் தரைதான் சிறந்தது. அது முடியாவிட்டால் கால் தட்டுவதைக் குறையுங்கள். பத்து நிமிடம் உடலைச் சூடாக்கிவிட்டுத் தொடங்குங்கள். மிக வேகமான மூன்றாம் காலத்தை வகுப்புக்கு வகுப்பு செய்யாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் வையுங்கள். மற்ற நாளில் சொற்கட்டை வாயால் சொல்லிக் கையால் தாளம் போடட்டும். மறுநாளும் வலி இருக்கும் பிள்ளை தட்டக் கூடாது, மருத்துவரைப் பார்க்க வேண்டும். 'வலித்தால்தான் நாட்டியம் வரும்' என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அதை நம்பும் பிள்ளை வலியை மறைக்கும்.

முப்பது பேரின் முழங்காலை ஒருவரால் பார்க்க முடியாது. எங்கள் அனுபவத்தில் ஓர் ஆசிரியருக்குப் பதினைந்து பேர்தான் எல்லை. இரண்டு குழுவாகப் பிரியுங்கள்.

என் குரு அமைத்த வர்ணத்தை என் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா? – வாசகி, கும்பகோணம்

பரதநாட்டிய நிகழ்ச்சி முறையை வகுத்த சகோதரர்களான தஞ்சை நால்வர் போன்ற பழையவர்களின் சாகித்தியத்துக்கு (பாடலுக்கு) யாரிடமும் அனுமதி வேண்டாம். நடன அமைப்பு வேறு. எழுத்திலோ காணொளியிலோ பதிவாகியிருந்தால், 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அது நாடகப் படைப்பாகவே கருதப்படும். குருவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அழைப்பிதழில் 'நடன அமைப்பு' என்று அவர் பெயரைப் போடுங்கள். ஜதிகளை நீங்கள் மாற்றியிருந்தால் அதைத் தனி வரியில் குறிப்பிடுங்கள். வேறொருவர் அரங்கேற்றத்துக்காகப் பணம் கொடுத்துப் பதிவு செய்த ஒலிநாடாவை உங்கள் மேடையில் ஓட்டுவதாக இருந்தால், பாடியவரிடமும் பதிவுக்குப் பணம் கொடுத்த குடும்பத்திடமும் தனித்தனியே சம்மதம் வாங்குங்கள்.